வருஷத்தைக் கொண்டுவந்தவர்

நிலக்கரித் துண்டின்மேல் ஒட்டியிருந்த பனி உருகவில்லை.

மோர்வென் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கணப்பில் நெருப்பு நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது. முழங்கால்வரை சூடு ஏறி, கால்சராயின் ஈரக் கம்பளி ஆட்டுவாடை வீசத் தொடங்கியிருந்தது. செந்தணலுக்கு நடுவே, சற்றுமுன் அவள் தன் கையால் வைத்த அந்த ஒரு துண்டு மட்டும் கறுப்பாக, தலையில் ஒரு சிட்டிகை வெள்ளையோடு, சுற்றி நடப்பதெல்லாம் தனக்குச் சம்பந்தமில்லை என்பதுபோல் உட்கார்ந்திருந்தது. ஈரக்கரி, பற்றிக்கொள்ள நேரமாகும் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் ஈரக்கரி புகையும், சீறும். இது புகையவுமில்லை, சீறவுமில்லை.

"உக்காருங்க மிஸ்டர் ஹாஸ்கெட். வருஷத்தையே தூக்கிட்டு வந்திருக்கீங்க, கால் வலிக்குமில்ல" என்றாள் கெசையா பாராக்ளஃப்.

யார்க்‌ஷயர் மேட்டுநிலத்தின் ஓரத்தில் இருக்கும் ஹார்க்ஸ்லியில் புத்தாண்டு தானாக வந்துவிடாது. யாராவது ஒருவர் அதை வாசல்வழியாக உள்ளே கொண்டுவர வேண்டும். அவர் ஆணாக இருக்க வேண்டும். முடி கறுப்பாக இருக்க வேண்டும். கையில் கரியும் உப்பும் ஒரு கொத்துப் பச்சைத்தழையும் இருக்க வேண்டும். கரியைக் கணப்பில் வைக்கும்வரை வாய் திறக்கக்கூடாது. அவர் வந்து சேரும்வரை வீட்டிலிருந்து ஆளோ பொருளோ வெளியே போகக்கூடாது, பழைய சாம்பல்கூட, கை கழுவிய தண்ணீர்கூட. செம்பட்டை முடிக்காரன் முதலில் வந்தால் கெடுதல். பெண் வந்தால் என்ன ஆகும் என்பதை அந்த ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

வீட்டுக்காரன் ஜோனஸின் தலை செம்பு அண்டாவைப்போல் மின்னும். கம்பளி ஆலையில் மேற்பார்வை வேலை, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாட்டு. அவன்தான் முந்தாநாள் மோர்வென் வாடகைக்கு எடுத்திருந்த அறைக்கு வந்து, தொப்பியைக் கையில் சுழற்றியபடி கேட்டான். ஊரில் கறுத்த முடி ஆண்கள் இரண்டே பேராம். ஒருத்தனுக்கு வழுக்கை விழுந்துவிட்டது, இன்னொருத்தன் செத்துவிட்டான். என் தலையைப் பார்த்தாலே அண்டை வீட்டார் கதவைச் சாத்துகிறார்கள் ஐயா, என் வீட்டுக்கே நான் ஆகாதவன் என்று சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, மனைவி ஸில்லாவுக்கு இது நிறைமாதம் என்று சொன்னான். போன புத்தாண்டு விடியலில், ஊசிநூல் விற்கும் ஒருத்தி தெரியாமல் முதலில் வாசலைத் தாண்டிவிட்டாள். அந்த வசந்தத்தில் பிறந்த குழந்தை அழவே இல்லை. இந்த வருஷம் சரியான ஆள் வர வேண்டும் என்று அவன் அக்கா கெசையா சாப்பிடாமல் இருக்கிறாளாம்.

அவள் சம்மதித்ததற்குக் காரணம் வேறு.

மிஸ்டர் ஹாஸ்கெட் என்று ஒருவர் இல்லை. லீட்ஸிலிருந்து வரும் துப்பறிகிற மனிதர், தேவாலயத்து வெள்ளிக் கிண்ணம் காணாமல் போனதையும் ஆலைக் குளத்தில் மிதந்த நெசவாளியின் சாவையும் துலக்கியவர், அதிகம் பேசாதவர், கைகுலுக்கும்போது கையுறையைக் கழற்றாதவர் – அத்தனையும் மோர்வென் தைத்த வேஷம். மார்பை இறுக்கிக் கட்டிய துணி, கன்னத்தில் பிசின் வைத்து ஒட்டிய கிருதா, அடித்தொண்டையிலிருந்து எடுக்கும் குரல். அவளுடைய காலம் இந்த விக்டோரியா ராணியின் காலத்துக்கு ஒன்றரை நூற்றாண்டு தள்ளி இருந்தது. இதே பள்ளத்தாக்கில், இதே தேவாலயத்தின் பின்னால், இரண்டு கல்சுவர்களுக்கு நடுவே ஆள் ஒருக்களித்துப் போகும் சந்து ஒன்று உண்டு. ஒரு மூடுபனி மாலையில் நாயைத் தேடி அதற்குள் போனவள், மறுமுனையில் விளக்குக்கம்பம் இல்லாத ஊரில் வந்து நின்றாள். அன்றிலிருந்து போய்வந்துகொண்டிருக்கிறாள். ஒரே ஒரு விதி வைத்திருந்தாள்: மகள் ஹேசல் கண் விழிப்பதற்குள் வீடு திரும்பிவிட வேண்டும். முதல் தடவைக்குப் பிறகு அது தவறியதில்லை. விழித்து அம்மாவைக் காணவில்லையென்றால் அந்தக் குழந்தை அழாது. கதவருகே போய் நின்றுகொண்டே இருக்கும். அவளுக்கு வேறு யாரும் இல்லை.

இந்த வீட்டைப் பற்றிய கதையை மோர்வென் தன் காலத்தில் கேட்டிருந்தாள். ஹார்க்ஸ்லியில் இன்றும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். பாராக்ளஃப் வீட்டுக்குப் புத்தாண்டு கொண்டுவந்த வெளியூர்க்காரரை எதிர்வீட்டுக்காரி ஜன்னலிலிருந்து பார்த்தாளாம். அந்த ஒரே மனிதர் இரண்டு தடவை உள்ளே போனாராம், நடுவில் வெளியே வரவே இல்லையாம். இஞ்சி ஒயின் கொஞ்சம் அதிகமாகியிருக்கும் என்பது ஊரின் முடிவு. எதிர்வீட்டுக்காரி சாகும்வரை தன் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை என்பதுதான் மோர்வெனை உறுத்தியது. பொய் சொல்கிறவர்கள் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாக அலங்கரிப்பார்கள். இவள் அலங்கரிக்கவில்லை. முதலில் உள்ளே போகிற ஆள் நானாகவே இருந்துவிட்டால், அடுத்து வருகிறவனை நேருக்கு நேர் பார்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள். திருடனாக இருப்பான், அல்லது ஜோனஸுக்கு வேண்டாத யாராவது. அப்படித்தான் நினைத்தாள்.

கெசையா மசாலாக் கேக்கை வெட்டி, ஒரு துண்டு பாலாடைக்கட்டியோடு தட்டில் வைத்து நீட்டினாள். நெடுநெடுவென்று உயரம், சிவந்த மணிக்கட்டுகள், எதையும் பாதிக் கண்ணால் எடைபோடும் பார்வை. நம்ம ஊர் ஆம்பளைகள் இந்நேரம் இரண்டாவது துண்டு கேட்டிருப்பார்கள், உங்கள் ஊரில் பட்டினி போட்டுத்தான் வளர்ப்பார்கள் போல என்று கிண்டல் செய்தாள். மோர்வென் புன்னகைத்துவிட்டுக் கேக்கைக் கடித்தாள். கிராம்பும் உலர்திராட்சையும் கண்ணுக்குத் தெரிந்தன. வாயில் ஒன்றும் தெரியவில்லை. ஈரமான காகிதத்தை மெல்வதுபோல் இருந்தது.

விழுங்கினாள். ஜலதோஷமாக இருக்கும்.

மாடியில் ஸில்லா முனகினாள். நடுவறை முழுக்க அந்தச் சத்தம் பலகைகளின் இடுக்கு வழியாக மெதுவாக இறங்கி வந்தது. ஜோனஸ் மேலே பார்த்துவிட்டுக் கைகளைத் தொடையில் தேய்த்துக்கொண்டான். கெசையா கெண்டியைக் கொக்கியில் மாட்டி நெருப்பின்மேல் தள்ளினாள். வெந்நீர் கொதித்ததும் தூக்கிக்கொண்டு மேலே போகிறேன், அதுவரை நீங்கள் இரண்டு பேரும் ஏதாவது பேசிக்கொண்டிருங்கள், ஆண்கள் சும்மா இருந்தால்தான் பயப்படுவார்கள் என்றாள்.

பேசினார்கள். பனி எவ்வளவு கனமாக விழுந்திருக்கிறது என்று. ஆலை முதலாளி புத்தாண்டன்றுகூட விடுப்பு தராததைப் பற்றி. தட்டிக்காரன் இந்நேரம் வந்திருக்க வேண்டுமே என்று ஜோனஸ் சொன்னான். ஆலைக்குப் போகிறவர்களை எழுப்புவதற்காக, நீண்ட கழியின் நுனியில் கம்பியைக் கட்டிக்கொண்டு மாடி ஜன்னல்களைத் தட்டிக்கொண்டே போகிறவன் அவன். அவன் தட்டிய கொஞ்ச நேரத்தில் தெரு முழுக்க மரக்கட்டைச் செருப்புகளின் சத்தம் கேட்கும். பின்பு ஆலைச் சங்கு. இந்தத் தெருவில் குழந்தைகள்கூட அந்தச் சத்தங்களை வைத்துத்தான் நேரம் சொல்வார்கள்.

மோர்வென் காதைத் தீட்டினாள். தட்டல் இல்லை. செருப்புச் சத்தம் இல்லை. பனி விழுந்த காலையில் எல்லாம் அமுங்கித்தான் கேட்கும் என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் அமுங்கிய சத்தத்துக்கும் சத்தமே இல்லாததற்கும் வித்தியாசம் உண்டு. வெளியே நாய் குரைக்கவில்லை, ஓடையில் தண்ணீர் போகவில்லை, கூரையிலிருந்து பனி சரியவில்லை. யாரோ வீட்டைத் தூக்கி ஒரு பெட்டிக்குள் வைத்து, சுற்றிலும் பஞ்சை அடைத்துவிட்டதுபோல் இருந்தது. உள்ளே இருந்த சத்தம் மாடியிலிருந்து வருவது மட்டும்தான்.

அது இன்னும் வந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஸில்லா முனகத் தொடங்கியது கெண்டியை மாட்டுவதற்கு முன்பு. அதன்பின் அவள் மூச்சு வாங்கவில்லை. ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. ஒரே சுருதியில், ஒரே கனத்தில், அறுபடாத நூலைப்போல் அந்த முனகல் பலகை வழியாக வந்துகொண்டே இருந்தது.

கெசையாவும் அதைக் கேட்டுவிட்டாள் போலும். வெந்நீருக்குக் காத்திராமல் படியேறினாள். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் கிண்டல் இல்லை.

"வலி விடவே மாட்டேங்குதுடா" என்று தம்பியிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள். "வந்தா போகும், போனா வரும். எத்தனை பிரசவம் பாத்திருக்கேன். இது வந்து அப்படியே நிக்குது. அவ கண்ணைத் திறந்து என்னைப் பாக்குறா. பேச முடியலை."

ஜோனஸ் எழுந்து ஜன்னலுக்குப் போய்த் திரைச்சீலையை விலக்கினான். இன்னும் விடியவில்லை என்றான். குரலில் ஒரு கேள்வி இருந்தது. மோர்வெனும் போய்ப் பார்த்தாள். அவள் இந்த வீட்டுக்கு நடந்து வந்தபோது கிழக்கே மேட்டின் விளிம்பில் சாம்பல் நிறத்தில் ஒரு கீற்று இருந்தது. அதே கீற்று அதே இடத்தில் இருந்தது. தெருவில் அவள் காலடித்தடங்கள் வாசலை நோக்கி வந்து நின்றிருந்தன. எதிர்வீட்டு ஜன்னலில் மெழுகுவத்தி வெளிச்சம், அதன் பின்னால் கழுத்தை நீட்டிய ஒரு பெண்ணின் நிழல். அந்த நிழல் அசையவில்லை.

கெண்டியைத் தொட்டுப் பார்த்தாள். அடிப்பக்கத்தைத் தீ நக்கிக்கொண்டிருந்தது. உள்ளே தண்ணீர் கிணற்றிலிருந்து எடுத்த குளிர்ச்சியோடு இருந்தது. மேசைமேல் மெழுகுவத்தியின் பக்கவாட்டில் ஒரு துளி பாதிவழியில் நின்றிருந்தது. விரலால் அழுத்தினாள். கல்.

கணப்பின் நடுவில் கரி. கரியின் தலையில் பனி.

அவளுடைய தொழில் காரணம் கண்டுபிடிப்பது. எத்தனையோ வீடுகளில், ஆவி என்று நடுங்கியவர்களிடம், அது புகைக்கூண்டில் சிக்கிய காக்கை என்று எடுத்துக் காட்டியிருக்கிறாள். இப்போதும் மனம் வழக்கம்போல் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக் கீழே வைத்தது. கடைசியில் ஒன்றுதான் கையில் மிஞ்சியது. அதை அவள் பார்க்க விரும்பவில்லை. ஹேசல் விழிக்கிற நேரம் என்பது மட்டும் நினைவில் அடித்துக்கொண்டது. போய்விட வேண்டும். வருஷத்தைக் கொண்டுவருகிறவர் முன்வாசலில் நுழைந்து, பின்வாசல் வழியாகப் பழைய வருஷத்தைக் கூட்டிக்கொண்டு போவதுதான் முறை. பின்கதவு, தேவாலயம், சந்து. அவ்வளவுதான் தூரம்.

பக்கத்து ஊரிலிருந்து மருத்துவரை அழைத்துவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள். சொன்னபோது அது பொய்யுமில்லை, உண்மையுமில்லை. கதவின் தாழ்ப்பாள் எளிதாக விலகியது. திறந்தாள்.

பனி விழுந்துகொண்டிருந்தது. இல்லை. பனி நின்றுகொண்டிருந்தது. ஒவ்வொரு துகளும் காற்றில் தன் இடத்தில் தொங்கியது, வெளிச்சம் எட்டிய தூரம்வரை. முகத்தில் குளிர் படவில்லை. புகையின் வாடை, பன்றிக்கொட்டிலின் வாடை, எதுவும் இல்லை. படிக்குக் கீழே வெண்மையாக முற்றம் தெரிந்தது. வலதுகாலை எடுத்து வைத்தாள்.

கால் இறங்கியது. இன்னும் இறங்கியது. வெண்மைக்குக் கீழே தரை இல்லை. கணுக்கால், முழங்கால், தொடை, எதுவும் எதையும் தொடவில்லை. கதவுச்சட்டத்தை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு தன்னை உள்ளே இழுத்துப் போட்டாள். பூட்ஸில் ஒரு துகள் பனிகூட ஒட்டியிருக்கவில்லை.

கதவைச் சாத்தித் திரும்பினால், பின்கட்டு வாசலில் கெசையா நின்றிருந்தாள்.

மாடியில் அந்த ஒரே சுருதி.

கெசையா அவளை உச்சியிலிருந்து பாதம்வரை பார்த்தாள். வேர்வையில் ஒரு பக்கக் கிருதா பிசின் விட்டுத் தொங்கியதை மோர்வென் அப்போதுதான் உணர்ந்தாள். கையை உயர்த்தினாள். பிறகு தாழ்த்திக்கொண்டாள். மறைக்கலாம். கிருதாவை அழுத்தி ஒட்டிவிட்டு ஹாஸ்கெட்டாகவே நிற்கலாம். ஆனால் மேலே ஒருத்தி மூச்சு வாங்காமல் முனகிக்கொண்டிருக்கிறாள். ஹேசலைப் பெற்ற அந்த இரவை மோர்வென் மறக்கவில்லை. ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவே கிடைக்கிற அந்தச் சின்ன அவகாசம், சுவரில் நெற்றியைச் சாய்த்துக்கொள்கிற அந்த நேரம், அது மட்டும் இல்லாமலிருந்தால்.

"கெசையாம்மா, நான் ஆம்பளை இல்லை" என்றாள், தன் சொந்தக் குரலில்.

கெசையா கத்தவில்லை. கையில் வைத்திருந்த துணியை மெதுவாக மடித்து மேசைமேல் வைத்தாள். அவள் முகத்தில் கோபம் வரும் என்று மோர்வென் எதிர்பார்த்தாள். வந்தது கோபமல்ல. கணக்குப் பிழை எங்கே என்று கண்டுபிடித்துவிட்டவளின் நிம்மதி.

"அப்ப இன்னும் யாரும் வரலை" என்றாள் கெசையா.

"நான்தான் வந்துட்டேனே. என்னாலதான் இதெல்லாம்..."

"இல்லை. பொம்பளை வந்தா கெடுதல், அது வேற. நீங்க பொம்பளையா வரலை. ஹாஸ்கெட்னு ஒரு ஆம்பளைன்னு சொல்லிட்டு வந்தீங்க. அந்த ஆள் வரலை. நீங்களும் வரலை." அவள் பார்வை மோர்வெனின் முகத்திலிருந்து நழுவிப் பின்கதவில் போய் நின்றது. "நீங்க வரவேயில்லை. நாங்க இன்னும் காத்துக்கிட்டுத்தான் இருக்கோம்."

துணியை எடுத்துக்கொண்டு நடுவறைக்குப் போனாள். அங்கே தம்பியிடம் ஏதோ சொன்னாள். நல்லவேளை, கொஞ்ச நேரத்தில் மிஸ்டர் ஹாஸ்கெட் வந்துவிடுவார், வாசலைப் பார்த்துக்கொண்டிரு என்பதுபோல் கேட்டது. ஜோனஸ் சரி அக்கா என்றான். மோர்வென் அறைக்குள் போய் அவன் முன்னால் நின்றாள். ஜோனஸ், இங்கே பாருங்கள் என்றாள். அவன் அவள் தோளைத் தாண்டி வாசலைப் பார்த்தான். நாற்காலியிலிருந்து கேக் தட்டை எடுத்த கெசையா, யார் இதைக் கடித்து வைத்தது, எலி ஏறிவிட்டதா என்று கேட்டுத் துண்டை ஓரமாகத் தள்ளிவைத்தாள்.

மோர்வென் கெசையாவின் கையைப் பற்ற முயன்றாள். சிவந்த அந்த மணிக்கட்டு விரல்களுக்குள் இருந்தது. சூடு இல்லை. கனம் இல்லை.

அப்போது வாசலில் தட்டும் சத்தம் கேட்டது.

மூடிய பெட்டியின்மேல் யாரோ விரலை மடக்கித் தட்டியதுபோல். தட்டிக்காரனின் கம்பி அல்ல. கையுறை போட்ட கை. அவசரமில்லாத கை.

"வந்துட்டார்" என்றான் ஜோனஸ். அவன் முகம் மலர்ந்தது.

மோர்வென் ஜன்னலுக்கு ஓடினாள். தெருவில் புதிதாக ஒரு வரிசைத் தடம், அவள் தடத்தின் பக்கத்திலேயே, அதே இடைவெளியில். வாசற்படியில் உயரமான ஒருவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றிருந்தான். அவளுடைய மேலங்கி. அவளுடைய தொப்பி. இடதுதோளைச் சற்றுத் தாழ்த்தி நிற்கும் விதம். அதை அவள் லீட்ஸ் ரயில்நிலையத்தில் ஒரு வணிகனைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். எதிர்வீட்டு ஜன்னலில் நிழல் அசைந்தது. கழுத்தை இன்னும் நீட்டியது.

படியில் நின்றவன் திரும்பிப் பார்த்தான்.

அவள் முகம்தான். கண், மூக்கு, புருவத்தில் இருக்கும் சின்னத் தழும்பு. ஆனால் தாடை கனத்திருந்தது. தொண்டையில் எலும்பு துருத்தியிருந்தது. கிருதா ஒட்டியதல்ல, முளைத்தது. எத்தனையோ மாலைகள் கண்ணாடி முன் நின்று அவள் கொண்டுவர முயன்று, கடைசிவரை முழுதாக வராத மனிதன். முழுதாக வந்திருந்தான். கையில் கரி.

அவளைப் பார்த்துத் தலையை லேசாகத் தாழ்த்தினான். நன்றி சொல்வதுபோல்.

"திறக்காதீங்க. ஜோனஸ், அது நான் இல்லை. திறக்காதீங்க."

மாடியில் முனகல். அறுபடாமல். கதவின் முன் கையை விரித்து நின்றவள், அந்தச் சத்தத்தைக் கேட்டாள். ஒரு கணம். ஒரு கணம்தான் கை தாழ்ந்தது.

ஜோனஸ் அவள் ஊடாகக் கையை நீட்டித் தாழ்ப்பாளை எடுத்தான்.

குளிர் உள்ளே வந்தது. உண்மையான குளிர், புகையும் சாணமும் கலந்த குளிர். வந்தவன் ஒன்றும் பேசவில்லை. முறை தெரிந்தவன். வாசலைத் தாண்டி நேராகக் கணப்புக்குப் போனான். கெசையா இடுக்கியை எடுத்து, நடுவில் கிடந்த கறுத்த துண்டைப் பிடித்துத் தூக்கினாள். இது எங்கிருந்து வந்தது என்று முணுமுணுத்துச் சாம்பல் வாளியில் போட்டாள். அந்த இடத்தில் அவன் தன் கரியை வைத்தான்.

பற்றியது.

சீறியது. புகைந்தது. கெண்டி பாடத் தொடங்கியது. மேலே முனகல் அறுந்தது, ஒரு நீண்ட மூச்சு, ஒரு அலறல், அதன் பின்னால் மெல்லிய, கிழிந்த, கோபமான ஒரு புதுக்குரல். ஜோனஸ் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். கெசையா படிகளில் பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். வெளியே தட்டிக்காரனின் கம்பி, செருப்புகள், ஓடை, நாய். மேட்டின் விளிம்பில் வெளிச்சம் அகலமாகித் தெருவில் இறங்கி ஜன்னல் வழியாக அறைக்குள் வந்தது. ஜோனஸின் செம்பட்டைத் தலைமேல் விழுந்தது. மேசைமேல் விழுந்தது. மோர்வென் தன் கைகளைப் பார்த்தாள்.

அவற்றின்மேல் விழவில்லை. அவள் நின்ற இடத்தில் இன்னும் விடியவில்லை.

"உங்க கால் ராசி ஐயா" என்று ஜோனஸ் அழுதுகொண்டே சொன்னான். "நீங்க மட்டும் வராம போயிருந்தா."

வந்தவன் கேக்கை எடுத்து நிதானமாக மென்றான். ருசித்தான். நல்ல வருஷமாக இருக்கட்டும் என்று அடித்தொண்டையில் வாழ்த்தினான். பின்பு பின்கட்டுக்கு நடந்தான்.

அவள் பின்னாலேயே போனாள். அவன் தாழ்ப்பாளை விலக்கி, படியிறங்கி, முற்றத்துப் பனியில் கால் வைத்தான். பனி நொறுங்கும் சத்தம். தரை இருந்தது, அவனுக்கு. அவள் கதவை நோக்கிப் பாய்ந்தாள். கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் அவள் விரல்களுக்கு அசையவில்லை.

பின்கட்டு ஜன்னலில் முகத்தை அழுத்தினாள். கண்ணாடியில் மூச்சுப் படியவில்லை.

அவன் தேவாலயத்துப் பின்சுவரை அடைந்திருந்தான். சந்தின் வாயில் நின்றான். உள்ளே நுழையவில்லை. தொப்பியைக் கழற்றிப் பனியில் போட்டான். மேலங்கியைக் கழற்றினான். கழுத்துத்துணியை அவிழ்த்தான். எல்லாம் அவள் வழக்கமாகச் செய்யும் வரிசையில், அதே இடத்தில். பிறகு கன்னத்துக்குக் கையைக் கொண்டுபோய், கிருதாவின் ஓரத்தை நகத்தால் கிளறினான்.

அது முளைத்தது. ஒட்டியதல்ல.

இழுத்தான். வரவில்லை. தலையைச் சாய்த்துக்கொண்டு, பொறுமையாக, மறுபடி இழுத்தான். வந்தது. பனியில் சிவப்பாகத் தெறித்தது. ஒருகைப் பனியை அள்ளி அந்த இடத்தைத் துடைத்தான். அடியில் வழவழவென்று இருந்தது, பெண்ணின் கன்னம். மறுபக்கத்துக்குக் கை போனது.

முடித்துவிட்டு அவன் தொண்டையைப் பிடித்துக்கொண்டான். துருத்திய எலும்பை இரண்டு விரலால் உள்ளே அழுத்தினான். வாயைத் திறந்தான்.

கண்ணாடிக்கும் முற்றத்துக்கும் சுவருக்கும் அப்பால் இருந்தான். ஆனாலும் அவளுக்குக் கேட்டது, காதோடு ஒட்டிப் பேசியதுபோல்.

"ஹேசல்."

ஆணின் குரல். அவன் தலையை ஆட்டினான். சரியில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினான்.

"ஹேசல்."

மெலிந்தது. உடைந்தது. மறுபடி. ஒவ்வொரு தடவையும் சற்று இனிமையாக, சற்றுத் தூக்கம் கலந்து, அதிகாலையில் கதவருகே நிற்கும் ஒரு குழந்தையைப் பயமுறுத்தாத விதமாக.

"ஹேசல். கதவைத் திற கண்ணு. அம்மா வந்துட்டேன்."

அது அவள் குரல். ஒரு எழுத்துப் பிசகாமல் அவள் குரல்.

அவன் புன்னகைத்தான். உடம்பை ஒருக்களித்துச் சந்துக்குள் நுழைந்தான்.